பிரிந்த காதலர்கள், நீண்ட மலைநடை: நடந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஒரு காதல் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். 7 ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இருவர், 12 நாள் மலைநடையில் எதிர்பாராமல் ஒரே குழுவில் சேர்கிறார்கள். மூன்றாம் நாள் இறக்கத்தில் அவளுடைய விரல்கள் ஷூ முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடுகிறது. அவன் மண்டியிட்டு, பாதம் முன்னால் சறுக்காதபடி கணுக்காலருகே நாடாவை இறுக்கிக் கட்டிவிடுகிறான். இருவரும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் தடுமாறுகிறேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பேச்சு துண்டு துண்டாகத்தான் வரும். அப்படியானால் அவன் மன்னிப்புக் கேட்பது எப்போது? பழைய காயத்தை அவசரமாக ஆற்றிவிட எனக்கு மனமில்லை. பல நாட்கள் நடந்தவர்களே, எந்த நாளில், எந்தப் பொழுதில் களைப்பு உங்களை மனம் திறக்க வைத்தது? ஒரு வரி எழுதினாலும் போதும்.