புதுப்பிப்பு: போர் தண்ணியில் கார் கழுவினால் வரும் வெள்ளைப் புள்ளி, கிட்டத்தட்ட தீர்ந்தது

போன மாசம் கேட்டிருந்தேன்: தாம்பரம் பக்கம் வீடு, கறுப்பு கார், போர் தண்ணி. கழுவிக் காய்ந்ததும் பானெட் முழுக்க கோலப்பொடி தெறித்த மாதிரி புள்ளி. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணியைப் பிடித்து வைக்கச் சொன்ன யோசனைதான். தண்ணியில் கரைந்திருந்து, காய்ந்ததும் புள்ளியாகப் படியும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் போர் 1,380, ஏசி தண்ணி 24! இரண்டு ராத்திரி சேர்த்தால் ஒரு பக்கெட். வெயில் ஏறுமுன் போர் தண்ணியிலேயே ஷாம்பூ போட்டுக் கழுவி, காய்வதற்குள் பூவாளியில் ஏசி தண்ணி ஊற்றி, மைக்ரோஃபைபர் துண்டால் ஒத்தி எடுக்கிறேன். ஏசி தண்ணியில் தூசி வரும், துணியில் வடிகட்டுங்கள்.

ஆர்ஓ கழிவுத் தண்ணியில் அலசச் சொன்னவர் கோபிக்க வேண்டாம், அது போரைவிட மோசம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தானே போகிறது? மீட்டர் 2,100 காட்டியது.

பழைய புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி, நிழலில், ஒரு நிமிஷம் வைத்து அலசினேன். பெரும்பாலும் போய்விட்டது, மேலே இருந்த வாக்ஸும் கூடவே போனது. ரூஃபில் வெயிலில் அரித்துப்போன நாலைந்து மட்டும் நகரவில்லை, பாலிஷ்தான் போடணும்.

எதிர்பாராத தொல்லை ஒன்று: எல்லாம் துடைத்து வண்டியை எடுத்தால், சைடு மிரர் இடுக்கில் நின்ற போர் தண்ணி கதவில் வழிந்து வெள்ளைக் கோடு. இப்போது மிரரை மடக்கி விரித்து, இடுக்கிலும் பூவாளியைக் காட்டிவிடுகிறேன்.