உப்புக்காத்து அரிச்ச எஸ்.யு. காபரேட்டர்: புஷ் போடுறதா, போர் அடிக்கிறதா?

காரைநகர் மைனர் – கேள்வி

வண்டி மொறிஸ் மைனர் 1000. என்ஜின் 1098 சிசி, காபரேட்டர் (பெற்றோலையும் காத்தையும் கலக்கிறது) எஸ்.யு. கொம்பனியின்ரை எச்எஸ்2, அதாவது காத்துப் போற வாய் 1¼ அங்குலம். கடலுக்குக் கிட்ட ஒரு கொட்டிலுக்குள்ள கனகாலம் ஓடாமல் நிண்டது. இப்ப ஸ்டாட் ஆகுது, ஆனால் ஐடிலிங் (அக்சிலேற்றர் மிதிக்காமல் ஓடுற வேகம்) சரியில்லை. குளிரா இருக்கேக்க அணைஞ்சு போகுது. சூடேறினால் நிமிசத்துக்கு 1500 சுத்துக்குப் போய் நிக்குது. ஐடில் ஸ்குறூவை முழுக்க வெளியால எடுத்தாலும் 1100க்குக் கீழ இறங்குதில்லை.

காபரேட்டரைக் கழட்டிப் பார்த்தால் திறொட்டில் தட்டு மூடுற வளையத்தில வெள்ளைத் தூள். அதைத் துடைச்சால் கீழ குழி குழியா அரிப்பு, சில குழியில நகம் தட்டுப்படுது. தட்டைத் தாங்கித் திருப்புற ஸ்பிண்டிலும் ஆடுது. புது ஸ்பிண்டில் ஒண்டு போட்டும் ஆட்டம் போகேல்லை. லேத்தில கேட்டால், துளையை டிறில் போட்டுப் பெருப்பிச்சுப் பித்தளைப் புஷ் (துளைக்குள்ள செருகுற வளையம்) அடிக்கலாம் எண்டினம். வேற ஆக்கள் வாயையே போர் அடிச்சு (உள்ளுக்க கடைஞ்சு பெருப்பிச்சு) பெரிய தட்டுப் போடச் சொல்லினம். எபொக்சி பூசச் சொன்னவையும் இருக்கினம். இங்கிலாந்தில இருந்து முழுக் காபரேட்டர் எடுப்பிக்கக் கட்டாது. எதை முதல் செய்யோணும்?

சுன்னாகம் லேத்

தம்பி, வாயில இப்ப கை வைக்காதேங்கோ. முதல்ல காத்து எங்கால போகுதெண்டு பிரிச்சுப் பாருங்கோ. ஸ்பிண்டில் துளை, தட்டின் விளிம்பு, ஃபிளேஞ்ச் (காபரேட்டரை என்ஜின் பக்கம் பூட்டுற முகம்), மனிஃபோல்ட் (என்ஜினுக்குக் காத்துப் போற குழாய்) கஸ்கெற் எண்டு நாலு இடம் இருக்கு. நாலும் ஒரே மாதிரித்தான் ஐடிலைக் கெடுக்கும்.

என்ஜின் சூடான பிறகு ஸ்பிண்டிலின் ரெண்டு முனையிலும் தடிச்ச கிறீஸ் அப்பிப் போட்டு ஐடிலைக் கவனியுங்கோ. குறைஞ்சு ஒரு நிலைக்கு வந்தால் ஓட்டை அதில. கிளீனர் ஸ்பிறே அடிச்சுப் பார்க்கிறது வேண்டாம். எச்எஸ்2க்குக் கிட்டவே எக்ஸோஸ்ற் இருக்கு, தீப்பிடிக்கும். பிறகு ஃபிளேஞ்ச் முகத்தில ஒரு நேர் விளிம்பை வைச்சு 0.05 மி.மீ ஃபீலர் நுழையுதோ எண்டு பாருங்கோ. நட்டை அளவுக்கு மிஞ்சி இறுக்கின ஃபிளேஞ்ச் ரெண்டு காதும் முன்னுக்கு வளைஞ்சு, நடுவில காத்து விடும். அதுக்கு மெசின் வேலை தேவையில்லை. கண்ணாடித் தகட்டில 320 தண்ணிப் பேப்பரை வைச்சு, மண்ணெண்ணெய் விட்டு எட்டு வடிவத்தில தேய்ச்சால் சரிவரும்.

அளவு எடுக்கேக்க புத்தகத்தில உள்ள அளவை நம்பாதேங்கோ. ஸ்பிண்டிலின் தேயாத நடுப்பகுதியையும், துளைக்குள்ள ஓடுற ரெண்டு இடத்தையும் மைக்றோமீற்றரால எடுங்கோ. துளையை ரெண்டு திசையில எடுங்கோ: என்ஜினை நோக்கின திசை ஒண்டு, அதுக்குக் குறுக்க மற்றது. மூடின தட்டை என்ஜின் எந்த நேரமும் தன்ரை பக்கம் இழுக்கும். அதால துளை அந்தப் பக்கம் நீளமாத்தான் தேயும், வட்டமாத் தேயாது. புது ஸ்பிண்டில் போட்டும் ஆடுறதுக்குக் காரணம் அதுதான். இடைவெளி 2 தௌ (ஒரு தௌ 0.001 அங்குலம்) வரை இருந்தால் பரவாயில்லை. 5 தாண்டினால் புஷ் போடாமல் ஐடில் நிக்காது.

காரைநகர் மைனர்

நன்றி அண்ணை. கிறீஸ் வைச்சவுடன 1100 எண்டது 800க்கு இறங்கிச்சு. ஃபிளேஞ்ச் நேராத்தான் இருக்கு. ஸ்பிண்டிலில தேய்மானம் 1 தௌ. கேபிள் பக்கத் துளை என்ஜின் திசையில 9 தௌ கூட, மற்றப் பக்கம் 4. அப்ப புஷ்தான். டிறில் போட்டால் போதுமோ?

சுன்னாகம் லேத்

டிறில் வேண்டவே வேண்டாம். ஓவலாப் போன துளைக்குள்ள டிறில் விட்டால் அது தேய்ஞ்ச பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் போகும். மையம் என்ஜின் பக்கம் நகர்ந்திடும். பிறகு புஷ் எவ்வளவு வடிவா இருந்தாலும் தட்டு வாயின் நடுவில நிக்காது. ஒரு பக்கம் முட்டும், மற்றப் பக்கம் திறந்து கிடக்கும். போரிங் ரூலால ரெண்டு துளையையும் ஒரே செற்றிங்கில வெட்டோணும். ஒரு பக்கம் வெட்டிப்போட்டு உடம்பைத் திருப்பிக் கட்டினால் ரெண்டு மையமும் ஒரு கோட்டில வராது.

மில்லிங் மெசின் இல்லாட்டி வழமையான லேத்திலேயே செய்யலாம். இறைப்பு மெசினுக்குப் புஷ் கடையிற பட்டறைக்கு இது புது வேலை இல்லை. குறொஸ் சிலைட்டில ஒரு கோணத் தகட்டைப் பூட்டி, ஃபிளேஞ்ச் முகத்தை அதில பொருத்துங்கோ. ஸ்பிண்டில் அச்சு அந்த முகத்துக்குச் சமாந்தரம், அதால அதுதான் நம்பக்கூடிய ஆதாரம். சக்குக்கும் பின் சென்ரருக்கும் இடையில நேரான கிறைண்ட் கம்பி ஒண்டைப் பிடிச்சு உடம்பை அதில கோர்த்துக்கொள்ளுங்கோ. துளையின் வெளி விளிம்பு குறைவாத்தான் தேய்ஞ்சிருக்கும். அங்க மெல்லிய ஷிம் தகடு சுத்தி மையப்படுத்தி, இறுக்கிப்போட்டு, டயல் கேஜால ஒருக்காச் சரி பார்த்த பிறகு கம்பியை எடுக்கலாம். அதே இடத்தில ஸ்பிண்டில் துளையை விட மெல்லிய போரிங் பார், அதில குறுக்க 2 மி.மீ எச்எஸ்எஸ் பிற். பார் மெல்லிசு, வளையும். ஒரு வெட்டுக்கு 0.1 மி.மீக்கு மேல எடுக்காதேங்கோ.

ஸ்பிண்டில் விட்டத்தை விட 1/16 அங்குலம் கூட வெட்டினால் புஷ்ஷின் சுவர் 0.8 மி.மீ வரும், அது காணும். வெட்டமுதல் வெளிப்பக்கக் குமிழில (துளையைச் சுத்தி இருக்கிற தடிப்பில) எவ்வளவு உலோகம் மிஞ்சுது எண்டும் அளந்துகொள்ளுங்கோ. 2 மி.மீக்குக் குறைஞ்சால் புஷ்ஷை மெல்லிசாக்கத்தான் வேணும்.

புஷ்ஷுக்குப் பித்தளை வேண்டாம், கெதியாத் தேயும். கன்மெற்றல் அல்லது பொஸ்பர் புறொன்ஸ் (ரெண்டும் வெண்கல வகை) கம்பி எடுங்கோ. படகு சாஃப்ற்றுக்குப் புஷ் கடையிறவையிட்ட துண்டு கிடைக்கும். வெளி விட்டம் துளையை விட அரைத் தௌ குறைவா, விரலால தள்ளினாப் போற அளவில கடையுங்கோ. ரெண்டையும் அசெற்றோனால துடைச்சு, சிலிண்டர் வடிவப் பொருத்துக்கெண்டு விக்கிற றிற்றெயினிங் பசை போட்டுச் செருகி, ஒரு நாள் விடுங்கோ. அடிச்சு இறக்கினால் இந்தப் பழைய வார்ப்புக் குமிழ் வெடிக்கும். உள் முனை வாய்க்குள்ள கொஞ்சமும் நீட்டக்கூடாது, தட்டு அதில முட்டும்.

கடைசியா நீட்டு றீமரை (துளையைச் சரி அளவுக்குச் சீவுற கருவி) ஒரு பக்கத்தால விட்டு மற்றப் பக்கத்தால வெளியில எடுங்கோ. ரெண்டு புஷ்ஷும் ஒரே ஓட்டத்தில வெட்டுப்படோணும். ஸ்பிண்டில் தன் பாரத்தில வழுக்கி இறங்கினால் சரி.

கோண்டாவில் கராஜ்

புஷ் விசயத்தில ஒரு மாற்றுக் கருத்து. எண்ணெய் ஊறின சின்ரேட் புறொன்ஸ் (வெண்கலத் தூளை அமுக்கிச் சுட்டது) புஷ் கிடைச்சால் நான் அதைத்தான் போடுவன். ஸ்பிண்டிலுக்கு ஆரும் எண்ணெய் விடுறதில்லை, அது தானே கசிஞ்சு கொடுக்கும். ஆனால் அதுக்குப் பசை பிடிக்காது. எவ்வளவு துடைச்சாலும் உள்ளுக்கிருந்து எண்ணெய் வரும். அதால அரைத் தௌ இறுக்கத்தில, உடம்பை 100 பாகைக்குச் சூடாக்கி, வைஸில மெதுவாத்தான் அமுக்கோணும். மழுங்கின றீமர் விட்டால் அதின்ரை நுண் துளை அடைபட்டுப் போகும். பசை போடுறதெண்டால் சுன்னாகம் அண்ணை சொன்ன கன்மெற்றல்தான்.

இனி வாய் அரிப்பு. ஐடிலில தட்டு முழுக்க மூடிறதில்லை. ஸ்குறூ அதைக் கொஞ்சம் திறந்துதான் வைச்சிருக்கும், என்ஜினுக்கு அந்தக் காத்துத் தேவை. குழிகளால போற காத்து அந்தத் தேவையை விடக் குறைவா இருந்தால் ஸ்குறூவைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தாச் சரி, குழி அப்படியே இருக்கட்டும். உங்களுக்குக் கிறீஸோட 800க்கு இறங்கிச்சே, அதுவும் ஸ்குறூ வெளியால நிக்கேக்க. தட்டை மையப்படுத்திப் பூட்டினால் இன்னும் இறங்கும். அதால புஷ் முடிஞ்ச பிறகு வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ. சுத்திவர மயிரிழை வெளிச்சம் எண்டால் விடுங்கோ. ஒரு பக்கம் பிறை மாதிரி அகலமாத் தெரிஞ்சால் அது அரிப்பு இல்லை, தட்டு நடுவில இல்லை.

போர் அடிக்கிறது கடைசி வழி. ஏனெண்டால் வக்கியூம் அட்வான்ஸ் (உறிஞ்சலால பொறி விழுற நேரத்தை முந்த வைக்கிறது) குழாயின் சின்னத் துளை தட்டின் விளிம்புக்குக் கிட்டத்தான் திறக்குது. வாயும் தட்டும் மாறினால் அந்தத் துளை திறக்கிற நேரமும் மாறும். அதோட அந்தத் துளை வெள்ளைத் தூளால அடைபட்டிருக்கும், செப்புக் கம்பியால எடுங்கோ, டிறில் விடாதேங்கோ.

செய்யத்தான் வேணுமெண்டால் ஃபிளேஞ்சுக்கும் காபரேட்டருக்குள்ள ஏறி இறங்குற பிஸ்டனுக்கும் இடையில மட்டும், 0.5 மி.மீக்கு மேல போகாமல். தட்டு வட்டம் இல்லை, சரிஞ்சு மூடுறதால நீள்வட்டம். பழைய தட்டின் அகலத்தையும் நீளத்தையும் அளந்தால், அகலத்தை நீளத்தால வகுத்து வாறது சரிவுக் கோணத்தின் கொசைன். உதாரணத்துக்குக் கோணம் 8 பாகை எண்டு வைப்பம். 32.25 மி.மீ வாய்க்கு நீளம் 32.57 வரும். இதை அரத்தால ராவி எடுக்கேலாது. உருட்டுக் கம்பி ஒண்டை 8 பாகை சரிவா வெட்டி, ரெண்டு துண்டுக்கும் இடையில பித்தளைத் தகட்டை வைச்சு, தட்டின் ரெண்டு ஸ்குறூத் துளையாலேயே இறுக்கி, லேத்தில 32.25க்குக் கடையுங்கோ. நீள்வட்டமும் விளிம்புச் சரிவும் தானாகவே வந்திடும்.

எபொக்சியைத் தட்டு முட்டுற கோட்டில வைக்காதேங்கோ. பெயர்ந்தால் நேரா வால்வுக்குள்ள போகும். அலுமினியம் வெல்டிங்கும் வேண்டாம். இந்த வார்ப்புக்குள்ள பழைய எண்ணெயும் நுண் குழியும் இருக்கு, கொதிச்சுப் பஞ்சாகும், துளைகளும் கோணும்.

கழுவுறதுக்குக் கோஸ்ரிக் சோடா கிட்டவும் கொண்டுவராதேங்கோ. அது அலுமினியத்தையே தின்னும். இரவு மண்ணெண்ணெயில ஊற வைச்சு, நைலோன் பிறஷ்ஷால தேய்ச்சு, மிஞ்சின வெள்ளையைச் சிற்றிக் அசிட் கரைசலில (ஒரு லீற்றர் தண்ணிக்கு 50 கிராம்) 10 நிமிசம் விட்டு, நல்ல தண்ணியில அலசி உடன காய விடுங்கோ. மேல இருக்கிற டோமின் உட்புறத்துக்கும் பிஸ்டனுக்கும் எமறி போடவே கூடாது. அது ரெண்டும் சோடி பார்த்துப் பொருத்தினது.

ஏ40 சோமசெற்

இடையில ஒரு கேள்வி. ஓஸ்ரின் ஏ40இல இருக்கிற ஸெனித்துக்கும் இதே முறையோ?

சுன்னாகம் லேத்

வெட்டுற முறை அதேதான், உலோகத்தை முதல் பாருங்கோ. நாகக் கலப்பு வார்ப்பெண்டால் அலுமினியத்தை விடப் பாரமா, நீலம் கலந்த சாம்பல் நிறமா இருக்கும். அது 380–390 பாகையிலேயே உருகும், காஸ் சுவாலை காட்டாதேங்கோ. சிற்றிக் அசிட்டும் வேண்டாம், நாகத்தை அரிக்கும். புஷ்ஷைப் பசையால மட்டும் வையுங்கோ.

காரைநகர் மைனர்

புஷ் போட்டாச்சு, ஸ்பிண்டில் வழுக்கி இறங்குது. தட்டுப் பூட்டேக்க கவனிக்க வேண்டியது என்ன?

கோண்டாவில் கராஜ்

தட்டைப் பிடிக்கிற ரெண்டு பிளவு ஸ்குறூவும் புதுசாப் போடுங்கோ, பழசைத் திரும்ப விரிச்சால் முறியும். ஸ்குறூவைத் தளர்வா விட்டு, திறொட்டிலைச் சில தரம் படார் எண்டு மூட விடுங்கோ. தட்டு தானே நடுவுக்கு வரும். மூடினபடியே பிடிச்சு இறுக்கி, வெளிச்சத்துக்குப் பார்த்து, பிறகு ஸ்பிண்டிலுக்குக் கீழ முண்டு கொடுத்துப் பிளவைக் கொஞ்சமா விரியுங்கோ. முண்டு இல்லாமல் தட்டினால் புது ஸ்பிண்டில் வளையும். தட்டில ஸ்பிறிங் வால்வு ஒண்டு இருந்தால் அது பிந்தின மொடலின்ரை தட்டு. அந்த வால்வு ஒழுகினாலும் ஐடில் இறங்காது, வெறும் தட்டுக்கு மாத்துங்கோ.

டோமைப் பூட்டமுதல் இறங்குற நேரத்தைப் பாருங்கோ. பிஸ்டனின் சின்னத் துளைகளை அடைச்சு, டம்பரையும் (டோமின் மேல பூட்டுற, எண்ணெயில ஓடுற தண்டு) பூட்டி, டோமைத் தலைகீழாப் பிடிச்சு, பிஸ்டனை முழுக்க உள்ளுக்கு விடுங்கோ. பிறகு தலைகீழா இருக்கிறபடியே பிஸ்டனைப் பிடிச்சுக்கொண்டு டோமை விட்டால், 1¼ அங்குலக் காபரேட்டரில அது 3 தொடக்கம் 5 செக்கனில இறங்கோணும். கெதியா விழுந்தால் தேய்மானம், பிந்தினால் அழுக்கு.

ஜெற்றை (பெற்றோல் வாற குழாய்) மேல முட்ட ஏத்தி, பாலத்தோட (வாய்க்குள்ள பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற மேடு) சமன் எண்டு பார்த்து, நட்டை 12 முகம் (ரெண்டு முழுச் சுத்து) கீழ இறக்கித் தொடங்குங்கோ. டம்பருக்கு 20 நம்பர் ஒயில். சூடான பிறகு பிஸ்டனை 0.8 மி.மீ அளவு உயர்த்துங்கோ. வேகம் ஏறி அப்படியே நிண்டால் பெற்றோல் கூட, விழுந்தால் குறைவு, ஒரு கணம் ஏறிப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. 1990களில பெற்றோல் தடை நேரம் மண்ணெண்ணெயில ஓடின வண்டியெண்டால் நீடிலில (பிஸ்டனில இருந்து ஜெற்றுக்குள்ள இறங்குற ஊசி) உள்ள எழுத்தையும் பாருங்கோ. ஆரும் அரத்தால தேய்ச்சிருந்தால் எந்த நட்டைத் திருப்பினாலும் ஒரு வேகத்தில சரி, மற்ற வேகத்தில பிழைதான் வரும். நீடிலும் ஜெற்றும் சோடியா மாத்தோணும். கொழும்பில வாகன உதிரிப்பாகம் விக்கிற பஞ்சிகாவத்தையில கேட்டுப் பாருங்கோ, ஆனால் எழுத்தைப் பார்த்து வாங்குங்கோ.

சுன்னாகம் லேத்

ஒண்டு விட்டுப்போச்சு. ஒரு மாசத்துக்கு மேல நிப்பாட்டுறதெண்டால் ஃபுளோட் கிண்ணத்துப் பெற்றோலை வடிச்சு, தட்டு மூடுற கோட்டிலயும் ஸ்பிண்டில் முனையிலயும் மெல்லிய என்ஜின் ஒயில் பூசி, எயார் ஃபில்டர் வாயைப் பொலித்தீனால கட்டிவிடுங்கோ. பித்தளைத் தட்டும் அலுமினிய உடம்பும் தொடுற இடத்தில உப்பு ஈரம் நிண்டால் அலுமினியம்தான் கரையும். கட்டினதெண்டு ஸ்ரியறிங்கில ஒரு துண்டுக் கடுதாசி தொங்கவிடுங்கோ, ஆரும் அதோட ஸ்டாட் பண்ணக்கூடாது.