சிக்கிள் செல் நோய்: பணம் மரபணு சிகிச்சைக்கா, மாத்திரைக்கா?

ஆய்வகவாசி: சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாகி ரத்தக்குழாய்களை அடைக்கும் சிக்கிள் செல் நோய்க்குக் காரணம், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறில் உள்ள கோளாறு என்று அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு 1949-லேயே காட்டிவிட்டது. மரபணுவையே திருத்தும் சிகிச்சை வர 2023 ஆனது. அந்த ஆண்டு பிரிட்டனும் அமெரிக்காவும் காஸ்ஜெவி என்ற கிரிஸ்பர் (டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் முறை) சிகிச்சைக்கு அனுமதி தந்தன. போதிய காலம் கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது 12 மாதம் கடும் வலித்தாக்குதல் வரவில்லை. இந்தியாவும் இதில்தான் துணிந்து பணம் போட வேண்டும்.

நீலமலை: விலையையும் சொல்லுங்கள் நண்பரே. அமெரிக்காவில் ஒருவருக்கு 22 லட்சம் டாலர்! அதற்கு முன் எலும்பு மஜ்ஜையை அழிக்கும் கீமோ மருந்து, வாரக்கணக்கில் மருத்துவமனை, குழந்தைப்பேறு பாதிக்கும் அபாயம். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952-ல். அந்த மக்களுக்கு இன்று கிடைக்க வேண்டியது ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை. அமெரிக்காவில் 1998-லேயே இந்த நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து. கருவில் இருக்கும்போது உருவாகும், செல் அரிவாளாவதைத் தடுக்கும் கரு ஹீமோகுளோபினைக் கூட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. காஸ்ஜெவி செய்வதும் அதையேதான்.

ஆய்வகவாசி: வாழ்நாள் முழுக்கத் தினமும் மாத்திரை, இடையிடையே ரத்தப் பரிசோதனை, அப்படியும் சிலருக்குக் கேட்பதில்லை. அவர்களுக்கு என்ன பதில்? விலை இப்படியே இருக்கும் என்பதையும் நான் ஏற்கவில்லை. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு (நோயாளியின் எதிர்ப்பு செல்களையே மாற்றிப் புற்றுநோயைத் தாக்கவைப்பது) 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அதன் விலை அமெரிக்க விலையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். இங்கேயே ஆய்வு நடந்ததால்தான் அது முடிந்தது.

செவிலி_78: நடுவில் ஒன்று. பச்சிளங்குழந்தைக்கு சாதாரண சொல்யூபிலிட்டி டெஸ்ட் (ரத்தத்தைக் கரைசலில் கலந்து கலங்குகிறதா என்று பார்ப்பது) பயன்படாது. கரு ஹீமோகுளோபின் அதிகமாக இருப்பதால் நோய் தெரியாமல் போகும். ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி மாதிரியான சோதனை வேண்டும். அது எத்தனை மலையடிவார மருத்துவமனைகளில் இருக்கிறது?

நீலமலை: இதைத்தான் நானும் கேட்கிறேன். நோய் உள்ள கைக்குழந்தைக்குத் தினமும் பென்சிலின் கொடுத்தால் நிமோகாக்கஸ் பாக்டீரியா தொற்று பெருமளவு குறையும் என்று 1986-லேயே ஆய்வு காட்டிவிட்டது. காஸ்ஜெவிக்கு 2023-ல் தந்த அனுமதியோ 12 வயது நிரம்பியவர்களுக்கு. இரண்டு வயதில் தொற்றில் இறந்துபோகும் குழந்தை அந்த வயதை எப்படி எட்டும்? 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதாக 2023-ல் மத்திய அரசு இயக்கம் தொடங்கியது, நல்லது. ஆனால் கையில் பரிசோதனை முடிவு அட்டையைக் கொடுத்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இல்லை என்றால் என்ன பயன்?

ஆய்வகவாசி: பென்சிலினையும் மாத்திரையையும் நான் எங்கே தடுத்தேன்? அவை சுகாதாரத் துறையின் அன்றாடக் கடமை, அந்தச் செலவை அங்கேயே கேளுங்கள். அதற்காக ஆய்வுப் பணத்தில் கை வைத்தால், மாத்திரை கேட்காத நோயாளி இன்னும் இருபது வருடம் வலியோடு காத்திருக்க வேண்டும்.

நீலமலை: சரி, அப்படியானால் ஆய்வுப் பணத்திலேயே ஒரு பங்கைப் பச்சிளங்குழந்தைக்கான மலிவான சோதனைக் கருவிக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அதுவும் ஆய்வுதானே?