மழைத்தண்ணீர் பிடித்து நைட்ரஜன் அளந்தவர்கள் உண்டா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வளவுக்காரன்:
கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றின் மொட்டை மாடியில் புனலும் பாட்டிலும் வைத்திருந்தேன். ஐப்பசி மழை. மழையில் நைட்ரஜன் அம்மோனியமாகவும் கரைந்திருக்கும். அதைக் கிருமி தின்றுவிடக் கூடாதென்று பாட்டிலில் கொஞ்சம் தைமால் என்ற கிருமிக்கொல்லி போடுவோமே, அதுதான் வினை. ஒரு திங்கட்கிழமை போனால், ஆச்சி பாட்டிலும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூடியைக் காணோம்.

"ஏப்பா, ஓமத்தண்ணிய எதுக்கு மாடியில கொண்டுபோயி வச்சிருக்கே?"

ஓமத்துக்கு வாசம் தருவதே தைமால்தான். ஆச்சி மூக்கில் தப்பில்லை. ஆனால் மழைமானியில் 42 மி.மீ. காட்டியது, புனல் 20 செ.மீ. விட்டம். 1,320 மி.லி. இருக்க வேண்டிய பாட்டிலில் 1,150தான் இருந்தது. சரியாக ஒரு தம்ளர் குறைகிறது. "குடிச்சீங்களா ஆச்சி?" என்று கேட்க வாய் வரவில்லை. நோட்டில் 'மாதிரி கெட்டது' என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

பள்ளத்தூர் பேத்தி:
எங்களுக்குக் காக்காய். அமாவாசைக்குச் சோறு வைக்கிற கைப்பிடிச் சுவரை ஒட்டியே புனலை வைத்திருக்கிறோம், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை! அம்மோனியம் எகிறியதும், பக்கத்து வயலில் போட்ட யூரியா என்று ஆய்வு கைடுக்கு ஒரே குஷி. யூரியாவில் இல்லாத பாஸ்பேட்டும் கூடவே ஏறியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எச்சம் என்று பிடிபட்டது.

செம்மண்:
வளவுக்காரன் தம்பி, தம்ளர் கிடக்கட்டும். திறந்தே கிடக்கிற புனலில் தூசியும் விழும், அதை மழைக் கணக்கில் சேர்க்க முடியாது. மழை பெய்யும்போது மட்டும் மூடி திறக்கிற கருவி வேண்டும். சரி, அது இருந்தாலும் முழுக் கணக்கு வராது. வாயுவாகவே வந்து இலையிலும் மண்ணிலும் படிகிற அம்மோனியாவைப் புனல் பிடிக்காது. அதற்கு அமிலம் தோய்த்த வடிதாள் வைத்த சின்னக் குப்பியைத் தனியாகத் தொங்கவிட வேண்டும். அப்புறம், அம்மோனியமாகச் சொல்கிறீர்களா, நைட்ரஜனாகவா? எடையில் 18 பங்கு அம்மோனியத்தில் நைட்ரஜன் 14தான், பலர் கோட்டை விடுவது இங்கேதான். லிட்டருக்கு 1 மி.கி. நைட்ரஜன் உள்ள மழை 100 மி.மீ. பெய்தால் ஹெக்டேருக்கு 1 கிலோ. பாட்டிலுக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள், வெயில் பட்டால் பாசி பிடிக்கும். புனல் வாயில் நைலான் வலை. விளிம்பைச் சுற்றிக் கம்பி முள் வைத்தால் காக்காய் உட்காராது. புனலிலேயே அழுக்கு இருக்கிறதா என்று அறிய, காய்ச்சி வடித்த நீரையும் அதே புனலில் ஊற்றி எடுத்து ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். தைமாலே வேண்டாமென்றால்...

வளவுக்காரன்:
அண்ணே, ஆய்வேட்டைக் கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. போன பொங்கலுக்கு ஆச்சியைப் பார்க்கப் போனேன். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "இப்பல்லாம் அந்த ஓமத்தண்ணி வைக்கிறதில்லையாப்பா?" என்று கேட்கிறார்கள்.