ஜாவா: பெரிய, சிறிய எழுத்து பாராமல் சரங்களை ஒப்பிடும் பயிற்சியில் 32 என விடை வருகிறது

கேள்வி:
வணக்கம். ஜாவா மொழியில் நிரலாக்கத்தை இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரே நீளமுள்ள இரண்டு ஆங்கிலச் சரங்களைப் (எழுத்துத் தொடர்களைப்) பெற்று, பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் அகரவரிசைப்படி ஒப்பிட வேண்டும். முதல் சரம் முந்தியதானால் -1, பிந்தியதானால் 1, இரண்டும் சமமானால் 0 என அச்சிட வேண்டும். இரு சரங்களுக்கும் தனித்தனி வரியில், சிறிய எழுத்துக்கு மாற்றும் ‘டூ லோயர் கேஸ்’ கட்டளையை எழுதிவிட்டு, சரங்களை ஒப்பிடும் ‘கம்பேர் டூ’ தரும் மதிப்பை அப்படியே அச்சிடுகிறேன். முதல் மாதிரிச் சோதனை தேறிவிட்டது. ஆனால் ‘பஸ்’ என்ற சொல்லை ஒரு முறை சிறிய எழுத்திலும் மறுமுறை பெரிய எழுத்திலும் கொடுத்தால், 0 வர வேண்டிய இடத்தில் 32 வருகிறது.

மறுமொழி 1:
அந்த 32 என்ற எண்ணே தவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் சிறிய ‘ஏ’ 97, பெரிய ‘ஏ’ 65. மற்ற எழுத்துகளுக்கும் இதே இடைவெளிதான். ஆகவே உங்கள் சரங்கள் சிறிய எழுத்துக்கு மாறவே இல்லை. ஜாவாவில் ஒரு சரம் உருவான பின் அதை மாற்ற இயலாது. ‘டூ லோயர் கேஸ்’ புதிய சரம் ஒன்றைத் திருப்பித் தருமே ஒழிய, பழையதைத் தொடாது. திருப்பித் தந்ததை அதே மாறியில் (சரத்தை வைத்திருக்கும் பெயரில்) மீண்டும் இருத்தினால் போதும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, இப்போது 0 வருகிறது. ஆனால் ‘பஸ்’, ‘பன்’ இரண்டையும் ஒப்பிட்டால் 1 வராமல் 5 வருகிறது.

மறுமொழி 2:
‘கம்பேர் டூ’ முதன்முதலில் வேறுபடும் எழுத்துகளின் எண்களைக் கழித்துத் தருகிறது: ‘எஸ்’ 115, ‘என்’ 110, மீதி 5. அதில் உங்களுக்குத் தேவையானது கூட்டல் அல்லது கழித்தல் குறி மட்டுமே. ‘இன்டிஜர் சிக்னம்’ வழியாக அனுப்பினால் -1, 0, 1 என்று சுருங்கிவிடும். முதல் மாதிரி தேறியது தற்செயலாகவே இருக்கலாம், அதைத் திறந்து பாருங்கள். என்னைக் கேட்டால், தொடக்க நிலையில் இதை ஒரு முறையாவது ‘கம்பேர் டூ’ போன்ற ஆயத்தச் செயற்கூறு இல்லாமல், மடக்கு (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைத் தொகுதி) அமைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு எழுதிப் பார்ப்பது நல்லது. முதல் வேறுபாட்டைக் கண்டவுடன் மடக்கை விட்டு வெளியேற மறவாதீர்கள்; தொடர்ந்து ஓடவிட்டால் பின்னால் வரும் எழுத்து முன்னதன் முடிவை அழித்து எழுதிவிடும்.

கேள்வி கேட்டவர்:
‘சிக்னம்’ சேர்த்ததும் எல்லாச் சோதனைகளும் தேறின. முதல் மாதிரியைத் திறந்து பார்த்தேன்: அதில் வேறுபட்டவை ‘எம்’, ‘என்’ என்ற அடுத்தடுத்த எழுத்துகள், அதனால்தான் கழித்தல் விடையே -1 ஆக வந்திருக்கிறது. மடக்கு வைத்து எழுதியதில், நீங்கள் எச்சரித்தும், வெளியேறும் வரியை முதலில் விட்டுவிட்டேன்.