ஒட்டன்சத்திரம் வீடு: பழனி மொட்டையும் கொடைக்கானலும்

கவின்: எல்லோருக்கும் வணக்கம். வருகிற சனிக்கிழமை பழனியில் எங்கள் மகள் யாழினிக்கு மொட்டை, காதுகுத்து. காலை 7 மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்படியே கொடைக்கானல், ஞாயிறு இரவு வீடு. யார் யார் வருகிறீர்கள்? கொடைக்கானலுக்குள் வண்டி போக இ-பாஸ் எடுக்க வேண்டும், இன்றே சொல்லுங்கள்.

முருகன்: நாங்கள் 4 பேர்

பிரியா: நானும் அம்மாவும். அப்பா இன்னும் சொல்லவில்லை

சேகர்: அழைப்பு வாட்ஸ்அப்பில்தானா?

ராமசாமி: மாப்பிள்ளை, நாளைக் காலையில் நேரில் வருகிறேன்.

வசந்தி: அதெல்லாம் வேண்டாம் அண்ணா. சும்மா கேட்கிறார்

சேகர்: சும்மா கேட்கவில்லை

முருகன்: இ-பாஸ் எதற்கு? நாமும் திண்டுக்கல் மாவட்டம்தானே

கவின்: கொடைக்கானல் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் விலக்கு சித்தப்பா. 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 சீசனுக்கு வரம்பும் வைத்தார்கள்: வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. அரசுப் பேருந்தில் போனால் பாஸ் வேண்டாம்.

வசந்தி: பேருந்தா! பழனி மலைப்பாதை வளைவில் பிரியாவுக்கு வாந்தி வரும்

பிரியா: அம்மா 😐

முருகன்: சரி, இடங்களை நான் போட்டுவிட்டேன். சில்வர் கேஸ்கேட், ஏரிப் படகு, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் பாயின்ட், வட்டக்கானல், டால்பின் மூக்கு, பேரிஜம். ஞாயிறு ஒரே நாளில் முடிக்கலாம்.

திவ்யா: கைக்குழந்தையோடா?

சேகர்: அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் முடிக்கலாம்

ராமசாமி: அம்மா வருகிறார்கள். அதில் மாற்றம் இல்லை.

ராமசாமி: முருகா, இத்தனை இடத்துக்கும் போனால் வண்டிக்குள் உட்கார்ந்திருந்ததுதான் மிஞ்சும். சீசன் ஞாயிற்றுக்கிழமை தூண் பாறைச் சாலையில் வண்டி நகராது. குணா குகைக்குள் யாரையும் விடுவதில்லை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும், காலையிலேயே போய் வாங்க வேண்டும், யானை நடமாட்டம் இருந்தால் மூடிவிடுவார்கள். டால்பின் மூக்குக்குக் கரடுமுரடான பாதையில் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். அம்மா முழங்காலுக்கு ஆகாது.

அம்மா இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாசலில் நின்று அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தடவைகூட ஏறியதில்லை. அதனால் நான் சொல்வது இது. ஞாயிறு விடிந்ததும் கோக்கர்ஸ் வாக். 1872இல் போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டர் அளவுதான், கைப்பிடித்து மெதுவாக நடக்கலாம். மேகம் ஏறுவதற்குள் போனால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். அப்புறம் குறிஞ்சியாண்டவர் கோயில். 1936இல் கட்டியது. கட்டியவர் வெள்ளைக்காரப் பெண்மணி. இலங்கைப் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்டவர். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து பழனி மலை தெரியும். முதல் நாள் கொள்ளுப்பேத்திக்கு முடி இறக்கிய மலையை அம்மா மேலேயிருந்து பார்க்கட்டும்.

பிரியா: 👍

முருகன்: படிக்க வேண்டும் அண்ணே, கடையில் கூட்டம்

பிரியா: மாமா, கோயிலில் இப்போது குறிஞ்சி பூத்திருக்குமா?

ராமசாமி: 12 வருடத்துக்கு ஒரு முறை அம்மா. 2006, 2018. இனி 2030.

வசந்தி: 2018இலேயே அம்மாவைக் கூட்டிப் போகச் சொன்னேன்

முருகன்: அப்போது அப்பா படுக்கையில் இருந்தார் அக்கா

சேகர்: படுக்கையில் இருந்தபோது யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்

முருகன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வசந்தி: என்ன போட்டாய் முருகா

கவின்: அத்தை, சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று சொல்லுங்கள் முதலில்

ராமசாமி: இன்னும் ஒன்று விட்டுப்போனது. மதியம் பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து 18 கிலோமீட்டர். அங்கே குழந்தை வேலப்பர் கோயில். பழனி மூலவரைப் போலவே அதுவும் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது நம்பிக்கை. குழந்தைக்கு மொட்டை போட்டுவிட்டு குழந்தை வேலப்பரைப் பார்க்காமல் திரும்புவதா? மேலே சாலை வளைவில் வண்டியை நிறுத்தினால் ஊர் முழுக்கத் தெரியும். படிப்படியாக வயல், பூண்டு, உருளை, கேரட். அம்மா வண்டியை விட்டு இறங்காமலேயே பார்க்கலாம்.

வசந்தி: பூம்பாறைப் பூண்டா! எனக்கு 5 கிலோ

முருகன்: எனக்கு 3

வசந்தி: புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு என்று கேட்டு வாங்குங்கள். போன தடவை இவர் வாங்கி வந்தது மலைப்பூண்டே இல்லை

சேகர்: அதே பூண்டைத்தான் ஒரு வருடம் குழம்பில் போட்டாய்

பிரியா: பெரிய மாமா, எனக்குச் சூரிய ஆய்வகம் பார்க்க வேண்டும். 1899இல் தொடங்கியது, நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை, அதாவது எவர்ஷெட் விளைவை, 1909இல் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். பாடத்தில் வந்தது

ராமசாமி: போகலாம் பிரியா. பூம்பாறையிலிருந்து திரும்பும்போது நேரம் இருந்தால்.

முருகன்: பிள்ளைகள் படகு இல்லாமல் வர மாட்டோம் என்கிறார்கள். மற்றதை வெட்டுங்கள், ஏரியை வெட்டாதீர்கள்

ராமசாமி: சனிக்கிழமை மாலை இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தால் ஏரி. 1863இல் லெவிஞ்சு என்ற மதுரைக் கலெக்டர் ஓடையைத் தடுத்துக் கட்டியது. சுற்றிவர 5 கிலோமீட்டர்.

முருகன்: சுற்ற வேண்டாம் அண்ணே, படகு போதும்

திவ்யா: மாமா, ஒன்று கேட்க வேண்டும். என் அண்ணனுக்கு யார் சொன்னீர்கள்? அவர் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்த வேண்டும்

கவின்: அப்பா சொல்லியிருப்பார்

ராமசாமி: கவின் சொன்னதாகத்தான் நினைத்திருந்தேன்.

வசந்தி: தாய்மாமனுக்கே சொல்லவில்லையா? வளைகாப்பிலும் இப்படித்தான் நடந்தது

வசந்தி: குரல் பதிவு 2:41

சேகர்: கேட்டுவிட்டு யாரும் பதில் போடாதீர்கள்

கவின்: இப்போதே போன் செய்கிறேன்

ராமசாமி: போனில் வேண்டாம். நானும் உன் அம்மாவும் நேரில் போய்ச் சொல்கிறோம்.

முருகன்: தண்ணீர் பாட்டில் பெட்டி வாங்கிவிடட்டுமா?

பிரியா: மாமா, 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. வழியில் சோதிப்பார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்

திவ்யா: அப்பத்தாவுக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா?

வசந்தி: தாத்தாவுடைய மங்கி குல்லாய் இருக்கிறது. அம்மாவிடம் இப்போதுதான் பேசினேன். பூம்பாறை என்றதும், வேலப்பருக்கு ஒரு சேலை முடிச்சு காசு வைத்திருக்கிறேன் என்கிறார்கள். எந்த வருட வேண்டுதல் என்று கேட்டால் சொல்லவில்லை

ராமசாமி: அப்படியென்றால் பூம்பாறை உறுதி.

முருகன்: தூண் பாறை? போகிற வழிதானே

ராமசாமி: கூட்டம் பார்த்துச் சொல்கிறேன்.

கவின்: ஒரே வேனா, இரண்டு காரா? வண்டி எண் போட்டால்தான் பாஸ் வரும்

சேகர்: இரண்டு கார் என்றால் என் காரை எடுக்கிறேன். ஆனால் ஊட்டியில் நடந்த மாதிரி என்னை முன்னால் விட்டுவிட்டு நீங்கள் டீக்கடையில் உட்காரக் கூடாது

முருகன்: மச்சான் வருகிறார்! 🙏

கவின்: மாமா, அப்போது வேன் வேண்டாமா?

ராமசாமி: அம்மா கால் நீட்டி உட்கார வேனில்தான் இடம் இருக்கும்.

சேகர்: என் காரிலும் நீட்டலாம்

கவின்: இரவு 9 மணிக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள், பாஸ் போட வேண்டும்

வசந்தி: பூண்டு 5 இல்லை, 6 கிலோ. பக்கத்து வீட்டிலும் கேட்கிறார்கள்