காலி வண்டியில் பார்த்த பிரேக்குக்கு இரண்டாண்டுச் சான்றா?

வில்லாபுரம் பட்டறை:
எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்று ஆய்வாளர் தரும் தகுதிச் சான்று) நடப்பில் உள்ள வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் சொன்னால் அது பொய்தான் என்று சிந்தாமணி ஐயா நேற்று இங்கே எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. எஃப்.சி. காட்டும் நாளில் லாரி காலியாகத்தான் போய் நிற்கிறது. மைதானத்தில் சிறிது தூரம் ஓட்டிப் பிரேக்கை மிதித்து, வண்டி நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். அதே லாரி மறுநாள் மேலூரில் கல் ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் ஓடுகிறது. காலி வண்டி நின்றது என்பதற்காக லோடு ஏற்றிய வண்டியும் நிற்கும் என்று யார் உறுதி கொடுத்தார்கள்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு ஓட்டுநரைப் பொய்யர் என்று அழைக்கட்டும்.

சிந்தாமணி:
மோட்டார் வாகன ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 62ஆம் விதியைப் பட்டறைக்காரர் ஒருமுறையாவது படித்திருக்கிறாரா என்று தெரியவில்லை. முகப்பு விளக்கு, பிரதிபலிப்பான், ஹாரன், வைப்பர், புகை, வேகமானி, ஸ்டீயரிங், பிரேக் என்று எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை அந்த விதியே பட்டியலிட்டிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம் முறையாகப் பதிவு பெற்றதாகவே கருதப்படாது. அவ்வளவு எடை உள்ள ஆவணத்தைப் பட்டறைப் பேச்சில் தள்ளிவிட முடியாது. விபத்து நடந்தபின் வண்டியை ஆய்வு செய்து அறிக்கை தருவதும் எங்கள் வேலைதான். பிரேக் போய்விட்டது என்று ஓட்டுநர் சொன்ன வண்டிகள் பலவற்றில் பிரேக் சரியாக இருந்ததை நானே மிதித்துப் பார்த்திருக்கிறேன்.

வில்லாபுரம் பட்டறை:
ஐயா, நான் கேட்டது காலி வண்டியைப் பற்றி. நீங்கள் ஹாரனையும் வைப்பரையும் எண்ணிக் காட்டுகிறீர்கள். விபத்துக்குப் பிறகு நீங்கள் மிதித்தபோது பிரேக் பிடித்தது என்கிறீர்களே, அப்போது அது சூடு ஆறிய பிரேக் அல்லவா? கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை ஆள் நிறைந்த வேனைச் சிறிய கியரில் இறக்காமல் பிரேக்கிலேயே இறக்கினால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் காய்ந்து விரிகிறது, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் லைனர் பட்டை பிடிப்பை இழக்கிறது, மிதித்தாலும் வண்டி நிற்பதில்லை. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் அதே பிரேக் மறுபடி பிடிக்கும். ஆறிய பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு அந்த ஓட்டுநரைப் பொய்யர் என்று எழுதினீர்களா?

இன்னொன்றும் சொல்கிறேன். சென்ற மாதம் ஒரு வண்டி எங்களிடம் வந்தது. வெளியே பளபளவென்று புது பெயின்ட். சான்று வாங்கி அதிக நாள் ஆகவில்லை. பின்சக்கர டிரம்மைக் கழற்றினால், லைனர் ரிவெட் தலை வரை தேய்ந்து, டிரம்மின் உள்பக்கம் முழுவதும் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. எஃப்.சி. மைதானத்தில் யாராவது டிரம்மைக் கழற்றுகிறார்களா? டிரம்மைக் கழற்றாமல், லோடு ஏற்றாமல் பார்த்த பிரேக்குக்கு, எட்டு வயதுக்கு உட்பட்ட வண்டி என்றால் இரண்டு ஆண்டுக்குச் சான்று தருகிறார்கள். 2018இல் விதியைத் திருத்தும்வரை, புது வண்டியின் முதல் இரண்டு ஆண்டு போக, ஆண்டுதோறும் பார்த்தார்கள், அதையும் தளர்த்திவிட்டார்கள்.

ஆரப்பாளையம் லாரிக்காரன்:
லைனர் தேய்ந்ததற்கு ஆய்வாளர் என்ன செய்வார்? எஃப்.சி. வேலைக்கு என்று வண்டியை விட்டால், டிங்கரிங்கும் பெயின்டும் பார்த்துப் பெரிய பில் போட்டுவிட்டு, டிரம்மைத் தொடாமல் அனுப்பும் பட்டறைகள் மதுரையில் இல்லையா? நான் ஒரு பட்டறையில் ஏமாந்தவன், அதனால் கேட்கிறேன். இங்கே முன்பு நடந்த டயர் விவாதத்திலும் இதே வில்லாபுரத்தார்தான் லாரி உரிமையாளர்கள் எல்லோரும் நல்ல டயரை வாடகைக்கு மாட்டி எஃப்.சி. காட்டுகிறார்கள் என்று எழுதினார். அந்தப் பழியை நான் மறக்கவில்லை.

வில்லாபுரம் பட்டறை:
எல்லோரும் என்று நான் எழுதவில்லை. வாடகை டயர் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதினேன். இப்போதும் அதையே சொல்கிறேன். அண்ணன் வண்டி காலியாகப் போனதா, லோடோடு போனதா என்பதை மட்டும் சொல்லட்டும்.

ஆரப்பாளையம் லாரிக்காரன்:
காலியாகத்தான் போனது. லோடோடு நாள் முழுவதும் வரிசையில் நின்றால் சரக்குக்காரனுக்கு யார் பதில் சொல்வது? வாடகை டயர் பேச்சுக்கு நீங்கள் இன்னும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

திருநகர்த் தாய்:
நீங்கள் லாரியைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். என் மகள் பள்ளி வேனில் போகிறாள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்ததை எந்தப் பெற்றோரும் மறக்க முடியாது. அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. தரையில் ஓட்டை இருப்பது காலி வண்டியிலும் தெரியும் அல்லவா? கண்ணுக்குத் தெரிகிற குறையே தப்பிப்போகிறது என்றால், டிரம்முக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? பள்ளி திறக்கும் முன் அதிகாரிகள் சேர்ந்து பள்ளி வாகனங்களைப் பார்க்கும் கூட்டாய்வில் எங்கள் வேனின் இருக்கைக்கு அடியில் யாராவது குனிந்து பார்த்தார்களா என்று ஆய்வாளர் ஐயா சொல்ல வேண்டும்.

சிந்தாமணி:
அம்மா, குனிந்து பார்க்கிறவர்களும் உண்டு, பார்க்காதவர்களும் உண்டு. நான் பார்த்தவன். மனிதக் கண்ணைக் குறை சொல்கிறவர்களுக்காகத்தான் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021இல் வந்தன. அங்கே சக்கரத்தை உருளைமேல் ஏற்றிப் பிரேக்கின் விசையை எந்திரமே அளக்கிறது. எந்திரம் காட்டும் அந்த அளவை வில்லாபுரத்தார் மறுப்பாரா?

வில்லாபுரம் பட்டறை:
எந்திரம் வந்தால் கண் தவறுவது குறையும், கையூட்டும் ஓரளவு குறையும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உருளைமேல் ஏறுவதும் காலி வண்டிதானே? எடை இல்லாத சக்கரம் சிறிது பிரேக் பிடித்தவுடனே பூட்டிக்கொள்ளும். அதற்குமேல் அந்தப் பிரேக்குக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை எந்திரம் எப்படி அறியும்? நீங்கள் காட்டிய 56ஆம் பிரிவிலேயே, வண்டி தகுதி இழந்தது தெரிந்தால் நடப்பில் உள்ள சான்றையும் காரணம் எழுதி ரத்து செய்யலாம் என்று 4ஆம் உட்பிரிவு சொல்கிறது. சட்டமே சான்றை அவ்வளவுதான் நம்புகிறது. நீங்கள் மட்டும் அதைக் காட்டி ஓட்டுநரைப் பொய்யர் ஆக்குகிறீர்கள்.

சிந்தாமணி:
சட்டத்தின் உட்பிரிவை எனக்கே பாடம் நடத்த வேண்டாம். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திச் சான்றை ரத்து செய்தவர்களில் நானும் ஒருவன். அப்போது ஆளுக்கொரு சிபாரிசோடு வந்து நின்றவர்கள் வண்டி உரிமையாளர்கள்தான்.

ஆரப்பாளையம் லாரிக்காரன்:
இப்போது ஆய்வாளரும் உரிமையாளர்கள்மேல் பாய்கிறாரா? மைதானத்தில் எங்களிடம் யார் யார் என்னென்ன கேட்டார்கள் என்று நானும் எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

திருநகர்த் தாய்:
இருக்கைக்கு அடியில் பார்த்தார்களா என்ற என் கேள்விக்கு நேரான பதில் இன்னும் வரவில்லை.

வில்லாபுரம் பட்டறை:
என் கேள்விக்கும் வரவில்லை, அக்கா. ஐயா வில்லாபுரத்துக்கு வரட்டும். சான்று நடப்பில் உள்ள எந்த லாரியை அவர் காட்டினாலும் அவர் முன்னாலேயே டிரம்மைக் கழற்றிக் காட்டுகிறேன், கூலி வேண்டாம். லோடோடு வந்தால் இன்னும் நல்லது.

சிந்தாமணி:
நான் எந்தப் பட்டறைக்கும் வந்து தேர்வு எழுத வேண்டிய நிலையில் இல்லை. பிரேக் போய்விட்டது என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் பொய்தான் சொல்கிறார்கள் என்பதை மீண்டும் எழுதுகிறேன்.

வில்லாபுரம் பட்டறை:
நேற்று எல்லோரும் என்றீர்கள், இன்று பெரும்பாலோர் என்கிறீர்கள். காலி வண்டியா, லோடு வண்டியா? அதைச் சொல்லுங்கள்.